ஒரு கியூப் மணலும் ஓர் ஊரின் சனமும்: அடர்த்திக் கணக்கைப் புரிந்துகொள்ள

கொழும்பில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுப்பது என் தொழில். சென்ற தவணை வெள்ளவத்தை வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று கேட்டாள்: "சேர், அடர்த்தி என்றால் திணிவைக் கனவளவால் வகுப்பது என்று விஞ்ஞானத்தில் படித்தோம். புவியியலில் சனத்தொகை அடர்த்தி என்று சனத்தைப் பரப்பளவால் வகுக்கிறார்கள். அங்கே திணிவும் இல்லை, கனவளவும் இல்லை. பிறகு ஏன் அதற்கும் அடர்த்தி என்று பெயர்?"

நல்ல கேள்வி. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு இப்படியொரு கேள்வி வராது. அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே ஆறுதலாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அடர்த்தி என்பது "ஒன்றுக்கு எவ்வளவு?" என்ற கேள்விக்கான விடை. ஒரு கன சென்ரிமீற்றருக்கு எத்தனை கிராம்? ஒரு சதுர கிலோமீற்றருக்கு எத்தனை பேர்? மேலே வருவது கிராமாகவும் இருக்கலாம், ஆட்களாகவும் இருக்கலாம், நுளம்பாகவும் இருக்கலாம். கீழே வருவது அந்தப் பொருள் பரவிக் கிடக்கும் இடம். இடம் முப்பரிமாணமாக இருந்தால் கனவளவால் வகுக்கிறோம். விரிப்புப்போலத் தட்டையாக இருந்தால் பரப்பளவால் வகுக்கிறோம். பிள்ளைகள் மேலே உள்ள எண்ணில் பிழை விடுவது குறைவு. பிழையெல்லாம் கீழே இருப்பதில்தான்.

இரண்டுக்கும் உள்ள உறவைக் காட்டக் கடதாசிக் கட்டைப்போல எளிதான பொருள் வேறில்லை. புறக்கோட்டை மலிபன் வீதிக் கடைகளில் கடதாசி கேட்டால், "எழுபதா, எண்பதா?" என்று திருப்பிக் கேட்பார்கள். எண்பது ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீற்றர் கடதாசியின் திணிவு 80 கிராம். இது பரப்பளவுக்குக் கணித்த அடர்த்தி. பரப்படர்த்தி என்று சொல்லலாம். ஏ0 என்ற பெரிய தாளின் பரப்பளவு சரியாக ஒரு சதுர மீற்றர். அதை நான்கு முறை இரண்டாக மடித்து வெட்டினால் 16 ஏ4 தாள்கள். ஆகவே ஒரு ஏ4 தாள் 80 ÷ 16 = 5 கிராம். ஐந்நூறு தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. தராசு தேவையில்லை.

இனி அந்தக் கட்டின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வரும். 500 தாள் 50 மில்லிமீற்றர் என்றால் ஒரு தாளின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர், அதாவது 0.0001 மீற்றர். ஒரு சதுர மீற்றர் தாளின் கனவளவு 1 × 0.0001 = 0.0001 கன மீற்றர். அதற்குள் 80 கிராம், அதாவது 0.08 கிலோகிராம் இருக்கிறது. 0.08 ÷ 0.0001 = 800. கடதாசியின் அடர்த்தி ஒரு கன மீற்றருக்கு 800 கிலோகிராம். தண்ணீரை விடச் சற்றுக் குறைவு. கண்ணால் அளக்க முடியாத தடிப்பையும் அடர்த்தியையும் ஓர் அடிமட்டத்தை வைத்துக்கொண்டு பிடித்துவிட்டோம்.

இதில் மறைந்திருக்கும் உறவை ஒரு வரியில் எழுதலாம்: பரப்படர்த்தி = அடர்த்தி × தடிப்பு. இனி வரும் கணக்குகள் பெரும்பாலும் இந்த வரியின் பிள்ளைகள்.

மழை அதில் ஒன்று. வானொலியில் "நூறு மில்லிமீற்றர் மழை" என்கிறார்கள். நீளத்தை அளக்கும் அலகில் எப்படி மழையை அளக்கிறார்கள் என்று சிறு வயதில் நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டதுண்டு. அது நீரின் தடிப்பு. ஒரு மில்லிமீற்றர் என்பது 0.001 மீற்றர், நீரின் அடர்த்தி கன மீற்றருக்கு 1,000 கிலோகிராம், பெருக்கினால் சதுர மீற்றருக்கு 1 கிலோகிராம், அதாவது 1 லீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழை, ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. ஒவ்வொரு சதுர மீற்றரிலும் கிட்டத்தட்ட அரைத் தொன் தண்ணீர். வடிகான் எப்படித் தாங்கும்?

மொட்டைமாடியில் தண்ணீர் போகும் துவாரத்தை இலை அடைத்துக்கொண்டு, 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால் சதுர மீற்றருக்கு 150 கிலோகிராம். வீட்டுத் தளங்களில் ஆட்கள், தளபாடங்களுக்கென்று பொறியியலாளர்கள் வழக்கமாகக் கணக்கில் எடுக்கும் சுமையும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி இதைவிட மோசம்: ஒரு தொன் சுமை, தாங்கியின் அடிப்பரப்பளவான ஏறத்தாழ ஒரு சதுர மீற்றரில் மட்டும் குந்துகிறது. அதனால்தான் அனுபவமுள்ள மேசன்மார் அதைத் தூணுக்கு நேர் மேலே வைக்கச் சொல்கிறார்கள்.

மேசன் என்றதும் எனக்கு மணல் ஞாபகம் வருகிறது. இந்தக் கணக்கை நான் பணம் கொடுத்துப் படித்தேன்.

சில வருடங்களுக்கு முன் வீட்டு மதில் ஒன்றைத் திருத்த வேண்டியிருந்தது. இலங்கையில் மணலைக் கியூப் கணக்கில்தான் விற்கிறார்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். ஒரு கியூப் சொன்னேன். இரவு முழுவதும் மழை. விடிந்ததும் லொறி வந்தது. நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் லொறிப் பெட்டியின் நீளம், அகலம், மணல் நின்ற உயரம் மூன்றையும் அளந்தேன். பெருக்கினால் 100 கன அடி சரியாக இருந்தது. கணித ஆசிரியரை யாரும் ஏமாற்ற முடியாது என்ற பெருமிதத்தோடு காசை எண்ணிக் கொடுத்தேன்.

மேசன் வந்து மணலைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்தார். "ஐயா, இது ஒரு கியூப் வராது" என்றார்.

"நான் அளந்தேனே!"

அவர் பதில் சொல்லவில்லை. ஒரு வாளியில் மணலை அழுத்தாமல் நிரப்பினார். உயரத்தை அளந்தார்: 30 சென்ரிமீற்றர். பிறகு மணல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, ஒரு கம்பியால் கிளறிவிட்டு, அடங்கும்வரை பொறுத்தார். மணல் மட்டம் இறங்கியது. மீண்டும் அளந்தபோது 24 சென்ரிமீற்றர். வாளிக்குள் தண்ணீரைச் சேர்த்திருக்கிறோம், மணல் குறைந்திருக்கிறது!

நடந்தது இதுதான். இலேசாக ஈரமான மணலில் ஒவ்வொரு பருக்கையையும் மெல்லிய நீர்ப்படலம் சூழ்ந்துகொள்கிறது. அந்தப் படலத்தின் பரப்பிழுவிசை பருக்கைகளை நெருங்கி அடங்கவிடாமல் பிடித்து வைக்கிறது. இடையில் காற்று கூடுகிறது. காய்ந்த மணலும் குறைந்த இடம் பிடிக்கும், முழுக்க நீரில் மூழ்கிய மணலும் குறைந்த இடம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில், சிறிது ஈரத்தில் மட்டும் மணல் ஊதிப் பெருக்கிறது. அதிலும் மென்மணல் இன்னும் கூடப் பெருக்கும்.

என் மணல் எவ்வளவு பெருத்தது? 30 ÷ 24 = 1.25. அதாவது கால் பங்கு வீக்கம். காய்ந்த மணலின் அடர்த்தியைக் கன மீற்றருக்குச் சுமார் 1,600 கிலோகிராம் என்று கொள்ளலாம். அப்படியானால் ஒரு கியூப் காய்ந்த மணல் 2.83 × 1,600, ஏறத்தாழ 4,530 கிலோகிராம். எனக்கு வந்ததோ 2.83 ÷ 1.25 = 2.26 கன மீற்றர் காய்ந்த மணலுக்கு நிகரானது. அதை 1,600ஆல் பெருக்கினால் சுமார் 3,620 கிலோகிராம். எனக்குக் குறைவாக வந்தது 900 கிலோவுக்கு மேல். லொறிக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். அவர் கனவளவை விற்றார், நான் கனவளவை வாங்கினேன். எனக்குத் தேவைப்பட்டது மணல். மிச்சம் காற்று.

இந்தக் காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூட்டாகக் கிடக்கும் எந்தப் பொருளுக்கும் இரண்டு அடர்த்தி உண்டு. குவியலின் அடர்த்தி ஒன்று. குவியலில் உள்ள தனிப் பருக்கையின் அடர்த்தி மற்றொன்று. மணல் குவியலுக்கு 1,600 என்றால் மணல் பருக்கைக்கு ஏறத்தாழ 2,650. கணக்கில் எது கேட்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் பாய்ந்தால் விடை எங்கோ போய் நிற்கும்.

சமையலறையிலேயே இதைச் சோதிக்கலாம். வீட்டில் அரிசி அளக்கிற பால்பேணியை எடுத்துக்கொண்டேன். தண்ணீர் ஊற்றி அளந்ததில் விளிம்புவரை 300 மில்லிலீற்றர் பிடித்தது. நன்றாகத் துடைத்துவிட்டு, தலைதட்ட அரிசி போட்டு நிறுத்தேன். பேணியின் திணிவைக் கழித்ததும் 250 கிராம். 250 ÷ 300 = 0.83. மில்லிலீற்றருக்கு 0.83 கிராம் என்றால் தண்ணீரை விடக் குறைவு. அப்படியென்றால் அரிசி மிதக்க வேண்டுமே? களையும்போது அது அடியில்தானே கிடக்கிறது!

அரிசிக்கு இடையில் இருக்கும் காற்று அந்தக் கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை வெளியேற்ற, அளந்த தண்ணீரை மெதுவாக அரிசியின் மேல் ஊற்றினேன். விளிம்பைத் தொட 125 மில்லிலீற்றர் போனது. காற்று இருந்த இடம் 125; ஆகவே அரிசி பிடித்திருந்த இடம் 300 − 125 = 175 மில்லிலீற்றர். 250 ÷ 175 = 1.43. இதுதான் அரிசி மணியின் அடர்த்தி. தண்ணீரை விட அதிகம், அதனால்தான் தாழ்கிறது. இதைச் சுணங்காமல் செய்ய வேண்டும். கால்மணி நேரம் விட்டால் அரிசி தண்ணீரைக் குடித்துவிடும், பிறகு எண்ணும் குழம்பும், சோறும் குழம்பும்.

கனவளவில் வாங்குவதா, திணிவில் வாங்குவதா என்ற குழப்பம் மணலோடு நிற்கவில்லை. தேங்காய் எண்ணெயைப் போத்தல் கணக்கில் வாங்குகிறோம். போத்தல் 750 மில்லிலீற்றர். எண்ணெயின் அடர்த்தி சுமார் 0.92, 750 × 0.92 = 690 கிராம். ஒரு கடையில் போத்தல் விலையும் இன்னொரு கடையில் கிலோ விலையும் எழுதியிருந்தால் ஒப்பிடுவதற்கு இந்த 0.92 வேண்டும். 2021இல் 18 லீற்றர் என்று குறித்த சமையல் எரிவாயுச் சிலிண்டர் ஒன்று சந்தைக்கு வந்தது. அதுவரை 12.5 கிலோ சிலிண்டரைப் பழகியவர்களுக்கு 18 பெரிய எண்ணாகத் தெரிந்தது. உள்ளே இருந்தது 9.18 கிலோ. 9.18 ÷ 18 = 0.51, திரவ எரிவாயுவின் அடர்த்தி லீற்றருக்கு அவ்வளவுதான். பழைய 12.5 கிலோவை அதே அலகுக்கு மாற்றினால் 12.5 ÷ 0.51, ஏறத்தாழ இருபத்து நாலரை லீற்றர். 12.5ஐயும் 18ஐயும் நேரடியாக ஒப்பிடுவது மாம்பழத்தின் விலையைக் கத்தரிக்காயின் நீளத்தோடு ஒப்பிடுவதுபோல.

அலகு மாற்றத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஆண்டுதோறும் பிள்ளைகள் அதில் விழுகிறார்கள். ஒரு மீற்றருக்கு 100 சென்ரிமீற்றர். ஆனால் ஒரு சதுர மீற்றருக்கு 100 × 100 = 10,000 சதுர சென்ரிமீற்றர். ஒரு கன மீற்றருக்கு 100 × 100 × 100 = 1,000,000 கன சென்ரிமீற்றர். கன சென்ரிமீற்றருக்கு 1 கிராம் என்றால் கன மீற்றருக்கு பத்து இலட்சம் கிராம், அதாவது 1,000 கிலோகிராம். ஆகவே முன்னதிலிருந்து பின்னதுக்கு மாற்ற 1,000ஆல் பெருக்க வேண்டும், 100ஆல் அல்ல. சந்தேகம் வந்தால் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள்: இங்கே 1, அங்கே 1,000.

நகைக் கடைகள் நிறைந்த செட்டியார் தெருப் பக்கம் போகாமல் அடர்த்தியைப் பற்றிப் பேச முடியாது. ஆக்கிமிடிஸ் அரசனின் கிரீடத்தைச் சோதித்த கதை எல்லோருக்கும் தெரியும். அதை வீட்டில் செய்யும் வழி பலருக்குத் தெரியாது. கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும் சிறு தராசில் ஒரு குவளை தண்ணீரை வைத்து, எண்ணைப் பூச்சியமாக்குங்கள். காப்பை நூலில் கட்டி, அடியையோ சுவரையோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராமே காப்பின் கனவளவு, கன சென்ரிமீற்றரில். காப்பைத் தண்ணீர் மேலே தள்ளுகிறது; அதே அளவுக்குக் காப்பு தண்ணீரைக் கீழே தள்ளுகிறது; அந்தத் தள்ளுதல் விலகிய தண்ணீரின் நிறைக்குச் சமம். 22 கரட் தங்கத்தின் அடர்த்தி சுமார் 17.8. இரண்டு பவுண், 16 கிராம், காப்பு என்றால் தராசு 0.90 அளவில் காட்ட வேண்டும். பித்தளைக்கு மேலே பூசியதென்றால் 1.9க்குக் கிட்டப் போகும். உள்ளே வெறுமையாக விட்டு மூடிய காப்பில் இந்தச் சோதனை நல்ல தங்கத்தையும் போலி என்று சொல்லிவிடும். தங்குதன் (டங்ஸ்டன்) என்ற உலோகத்தை உள்ளே வைத்தால் போலியையும் நல்லது என்று சொல்லிவிடும், ஏனென்றால் அதன் அடர்த்தியும் தங்கத்தின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று. நகைக் கடையில் இந்தக் கட்டுரையைக் காட்டிச் சண்டை பிடிக்க வேண்டாம்.

இப்போது அந்தப் பிள்ளையின் புவியியலுக்கு வருவோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் கொழும்பு மாவட்டத்தின் சனத்தொகை 2,324,349. நிலப்பரப்பு 676 சதுர கிலோமீற்றர். வகுத்தால் சதுர கிலோமீற்றருக்கு 3,438 பேர். முல்லைத்தீவில் 92,238 பேர், 2,415 சதுர கிலோமீற்றர். சதுர கிலோமீற்றருக்கு 38 பேர். இதுவரை கணக்கு நேராகப் போகிறது.

ஆனால் கொழும்பு என்று எதைச் சொல்கிறோம்? மாநகர சபை எல்லையை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றரில் 561,314 பேர். சதுர கிலோமீற்றருக்கு 15,000 தாண்டுகிறது. 3,438ம் சரி, 15,000ம் சரி. இரண்டுக்கும் பெயர் கொழும்பு, மாறியது கோடு. நாடு முழுவதற்கும் இதே சிக்கல்தான். இலங்கையின் மொத்தப் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். குளங்களையும் நீர்த்தேக்கங்களையும் கழித்த நிலப்பரப்பு 62,705. அந்த ஆண்டின் 20,359,439 பேரை முதலாவதால் வகுத்தால் 310, இரண்டாவதால் வகுத்தால் 325. தண்ணீரில் யாரும் குடியிருப்பதில்லை என்பதால் 325ஐத்தான் வழக்கமாகச் சொல்கிறார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த சிக்கல் தொடர்மாடிகளில் இருக்கிறது. ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்: 20 பேர்ச் காணியில் பத்து மாடி, மாடிக்கு நான்கு வீடு, வீட்டுக்கு 75 சதுர மீற்றர், நான்கு பேர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். 20 பேர்ச் 506 சதுர மீற்றர். அதில் 160 பேர். சதுர கிலோமீற்றருக்கு மாற்றினால் 316,000 பேர். இனி ஒரு தோட்டத்தை எடுங்கள், அதாவது கொட்டாஞ்சேனையிலோ மருதானையிலோ காண்பதுபோலச் சிறு வீடுகள் நெருங்கிய குடியிருப்பு: 25 சதுர மீற்றர் வீட்டில் ஐந்து பேர், பாதைக்கும் தண்ணீர்க் குழாயடிக்கும் இன்னொரு 25 சதுர மீற்றர். 50 சதுர மீற்றருக்கு ஐந்து பேர். சதுர கிலோமீற்றருக்கு 100,000.

நிலத்தால் வகுத்தால் தொடர்மாடிதான் மூன்று மடங்கு நெருக்கம். ஆனால் தொடர்மாடிக்காரருக்கு ஆளுக்கு 18.75 சதுர மீற்றர் தளம் கிடைக்கிறது, தோட்டத்தில் ஆளுக்கு ஐந்து. தளத்தால் வகுத்தால் தோட்டம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு நெருக்கம். மூச்சு முட்டுவது யாருக்கு என்று அறிய இரண்டாவது கணக்கு. கழிவுநீர்க் குழாய் எவ்வளவு தடிப்பாக வேண்டும் என்று அறிய முதலாவது. சனத்தொகை அடர்த்தி வானத்திலிருந்து பார்க்கும் கண். அதற்கு மாடி தெரியாது.

கடைசியாக, இரண்டு அடர்த்தியும் ஒரே இடத்தில் வந்து நிற்கும் ஒரு விடயம். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 0.91 முதல் 0.96 வரை, கடல்நீரின் அடர்த்தி 1.025. ஆகவே அவை தாழவில்லை. மிதந்து, அலையோடு கரைக்கு வந்தன. வந்த பிறகு அவற்றை அளக்க வேறு அடர்த்தி தேவைப்பட்டது: ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை மணி?

இதை வகுப்பில் கரும்பலகையில் ஒரு கற்பனைக் கடற்கரையாக வரைந்தேன். அரை மீற்றர்ச் சதுரச் சட்டம் ஒன்றை மணலில் வைக்கிறோம், பரப்பளவு 0.25 சதுர மீற்றர். 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மணலை அள்ளிச் சல்லடையில் அரிக்கிறோம். 60 மணிகள். சதுர மீற்றருக்கு 240. அள்ளிய மணலின் கனவளவு 0.25 × 0.05 = 0.0125 கன மீற்றர். ஆகவே கன மீற்றருக்கு 4,800.

"இன்னும் 5 சென்ரிமீற்றர் தோண்டுவோம்" என்றேன். கீழே 12 மணிகள் மட்டுமே கிடைக்கின்றன என்று வைத்துக்கொண்டோம். மொத்தம் 72. சதுர மீற்றருக்கு 288. கனவளவு இப்போது 0.025 கன மீற்றர்; கன மீற்றருக்கு 2,880.

கேள்வி கேட்ட பிள்ளை பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "தோண்டத் தோண்டப் பரப்படர்த்தி ஏறுகிறது, மற்றது இறங்குகிறது" என்றாள். பிறகு குனிந்து, தன் கொப்பியில் இரண்டு விடைகளுக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதினாள்: ஆழம் 10 செ.மீ.